குளச்சல் கரையைக் காத்தது யாரு?

போன எபிசோடில் இரண்டாம் உலகப் போரில் இத்தாலி நிறுத்தி வைத்திருந்த கரையோரக் காவல் டிவிஷன்களைப் பற்றிப் பேசினோம். சிசிலியின் தென்கிழக்கு மூலையில் 206ஆவது டிவிஷன் இருந்தது. வயசான ரிசர்வ் ஆட்கள், அதில் பலர் அந்தத் தீவுக்காரர்களே. நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான கரை, கையில் பழைய துப்பாக்கி. 1943 ஜூலை 10 காலையில் பிரிட்டனின் எட்டாவது ராணுவம் கப்பல் கப்பலாக வந்து அவர்கள் முன்னால் இறங்கியது. இரண்டு மூணு நாளில் ஆட்டம் முடிந்தது.

அதைக் கேட்டுட்டு தக்கலைக்கார நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். "லேய், கரையோரப் படையைத் தேடி இத்தாலி வரைக்கும் எதுக்குடே போற? நம்ம வீட்டு வாசல்லயே ஒண்ணு கிடக்குல்லா?"

அவன் சொன்னது சரிதான். பத்மநாபபுரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், தெற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் குளச்சல் துறை, பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை, கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், அதற்கும் தெற்கே கடலைத் தொட்டுக்கொண்டு வட்டக்கோட்டை. இது நாலும் தனித்தனி டூரிஸ்ட் ஸ்பாட் இல்லை. ஒரே படையோட உறுப்புகள். இன்றைக்கு அந்தப் படையோட கதையைத்தான் பேசப் போறேன்.

முதலில் ஊர். பத்மநாபபுரத்துக்குப் பழைய பெயர் கல்குளம். வேணாட்டு அரசர்கள் இருந்த இடம். இப்போ நாம் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கிற மர அரண்மனையின் பழைய பகுதி 1600ஐ ஒட்டிக் கட்டியது. 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மாதான் அதைப் பெரிதாக்கி, கோட்டையைக் கல்லால் எழுப்பி, பத்மநாபபுரம் என்று பேர் வைத்தார். அவர் பட்டத்துக்கு வரும்போது திருவிதாங்கூர் என்பது ரொம்பச் சின்ன ராஜ்யம். சொந்த நாட்டுக்குள்ளேயே எட்டுவீட்டுப் பிள்ளைமார், மாடம்பிமார் என்று அவரவர் கையில் ஆள் வைத்திருந்தார்கள். ராஜாவுக்குப் படை வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் மனசு வைத்தால் ஆள் வரும். சம்பளம், சீருடை, பயிற்சி எதுவும் ராஜா கையில் இல்லை.

எங்க துறைப் பாஷையில் சொன்னால், சர்வர் முழுக்க அடுத்தவன் அக்கவுண்டில் ஓடுது, நீங்க பேருக்கு ஓனர். மார்த்தாண்ட வர்மா முதலில் செய்தது அந்த அக்கவுண்டைத் தன் பேருக்கு மாற்றுகிற வேலை. எப்படிச் செய்தார் என்பது அழகான கதை கிடையாது. பிள்ளைமார்களைக் கொன்றார், குடும்பங்களைச் சிதறடித்தார். இதைச் சொல்லாமல் அவரை வெறும் வெற்றி வீரனாக மட்டும் காட்டுகிற வீடியோக்கள் நிறைய இருக்கு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

டச்சுக்காரன் எதுக்கு வந்தான்? ஒரே வார்த்தை: மிளகு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1663இல் போர்த்துகீசியர்களிடமிருந்து கொச்சியைப் பிடித்தது. அதிலிருந்து சின்னச் சின்ன ராஜாக்களோடு ஒப்பந்தம் போட்டு மிளகை மலிவா வாங்கிட்டிருந்தார்கள். பத்து ராஜா இருந்தால் பத்துப் பேரையும் மோத விட்டு விலையைக் குறைக்கலாம். ஒரே ராஜா வந்து அத்தனை பேரையும் முழுங்கினால்? அந்த பயம்தான். இலங்கையில் டச்சு கவர்னராக இருந்த வான் இம்ஹாஃப் மார்த்தாண்ட வர்மாவை நேரில் பார்த்து மிரட்டினார் என்றும், "நீ இங்க படையெடுத்தா நான் என் மீனவர்களைக் கூட்டிட்டு உன் நாட்டுக்கு வருவேன்" என்கிற மாதிரி ராஜா பதில் சொன்னார் என்றும் ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் வரும். வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் பேசினாங்களா என்பதைவிட, அதில் மீனவர்கள் வருவதைக் கவனிங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அங்கே திரும்ப வருவோம்.

1741 தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் கொட்டாரக்கரைப் பக்கம், இளையடத்து ஸ்வரூபத்தில், தங்களுக்கு வேண்டிய ராணியைப் பட்டத்தில் உட்கார வைத்தார்கள். ராஜா வடக்கே போய் அந்தப் படையை அடிச்சுத் துரத்தினார். ராஜா வடக்கே இருக்கும்போது, இலங்கையிலிருந்து வந்த கப்பல்கள் தெற்கே குளச்சலில் ஆள் இறக்கின. கணக்கு சுலபம். குளச்சலில் இறங்கினால் தலைநகரம் நடந்து போகிற தூரம். இலங்கையும் தூத்துக்குடியும் ஏற்கெனவே டச்சுக் கையில். சாமான் வர வசதி.

டச்சுக்காரர்கள் கரையோர ஊர்களைப் பிடித்தார்கள், குளச்சலில் மரக்கட்டைகளை நட்டு ஒரு காவல் அரண் கட்டினார்கள், பத்மநாபபுரத்தை நோக்கி வரப் பார்த்தார்கள். ராஜாவும் தளவாய் ராமய்யனும் வடக்கிலிருந்து அவசரமாகத் தெற்கே திரும்பினார்கள். டச்சுக்காரர்களைக் கரைக்கே தள்ளி, அந்த மர அரணுக்குள் அடைத்து முற்றுகை போட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. நாம் படித்த மாதிரி இது "கடலில் இருந்து வந்தவனை கரையில் நின்னு தடுத்த" சண்டை இல்லை. கரையில் நின்று காவல் காத்தது டச்சுக்காரன். முதுகுக்குப் பின்னால் கடல், முன்னால் எதிரி, கையில் இருக்கிற அரிசி தீர்ந்தால் கப்பல்தான் கதி. சிசிலியில் அந்த இத்தாலிக்காரர்கள் மாட்டிக்கொண்ட நிலைமையின் தலைகீழ் வடிவம். இத்தாலிக்காரனுக்குக் கடல் எதிரி, டச்சுக்காரனுக்குக் கடல்தான் துணை.

அந்தத் துணை கைவிட்டது. காரணம் இரண்டு. ஒண்ணு ரொம்ப தூரத்தில் நடந்தது. 1740 அக்டோபரில் ஜாவாவில் படேவியா நகரத்தில் சீனர்களை டச்சுக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து ஜாவா முழுக்கப் போர். கம்பெனியின் தலைமையகமே தீயில் நிற்கும்போது குளச்சலுக்கு ஆள் அனுப்ப யாருக்கு நேரம்? நம்ம ஊர் வெற்றிக்கு ஜாவாச் சீனர்களின் ரத்தத்திலும் ஒரு பங்கு இருக்கு. இதை எந்த வெற்றிவிழா மேடையிலும் நான் கேட்டதில்லை.

இரண்டாவது காரணத்தைக் குளச்சல்காரங்ககிட்ட நான் விளக்கவே வேண்டாம். ஆடி மாசக் கடல். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்டில் நம்ம மேற்குக் கரை எப்படி இருக்கும்? பாறைகள் இருக்கிற அந்தத் துறையில், அந்த அலையில், கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்திப் படகில் சாமான் இறக்குவது தற்கொலை. இன்றைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது மீன் குஞ்சு பொரிக்க விடுவதற்காகத்தான், ஆனால் அந்த மாசங்களில் கடல் எப்படி என்று வள்ளக்காரர் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பீரங்கிக் குண்டு அரணுக்குள் வெடிமருந்தில் விழுந்தது. தீ பரவியது. சேமித்து வைத்திருந்த அரிசி எரிந்தது. அவ்வளவுதான். சோறு இல்லை, மருந்து இல்லை, கப்பல் இல்லை. சரணடைந்தார்கள். தேதி புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஜூலை 31 என்று ஒரு கணக்கு, ஆகஸ்ட் 10 என்று ஒரு கணக்கு. 1741 என்பதில் சண்டை இல்லை.

"ஐரோப்பிய வல்லரசைத் தோற்கடித்த முதல் ஆசிய அரசர்" என்று வாட்ஸ்அப்பில் வரும். அது சரியில்லை. 1662இலேயே கொக்ஸிங்கா என்கிற சீனத் தளபதி தைவானிலிருந்து இதே டச்சுக் கம்பெனியைத் துரத்திவிட்டார். குளச்சல் பெரிய வெற்றிதான். ஆனால் "முதல்" பட்டம் இல்லாமலே அது பெரிய வெற்றி.

சரி, இப்போ மீனவர்கள். குளச்சலில் வாய்மொழியாக ஒரு கதை சொல்வாங்க. ராஜாவிடம் துப்பாக்கி போதவில்லை. அப்போ முக்குவர் மக்கள் துடுப்பைத் தோளில் துப்பாக்கி மாதிரி சாய்த்துக்கொண்டு கரையில் வரிசையா நின்னாங்க. பனந்தடியை மாட்டு வண்டியில் ஏற்றிப் பீரங்கி மாதிரிக் காட்டினாங்க. தூரத்துக் கப்பலில் இருந்து பார்த்தவன் பெரும்படை என்று மிரண்டான். ஆவணத்தில் இதைத் தேடாதீங்க. ஆனால் கதைக்குப் பின்னால் இருக்கிற விஷயம் நியாயமானது. அந்தக் கரையை, அந்தப் பாறையை, அந்த நீரோட்டத்தைத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்கள் ஒத்துழைக்காமல் குளச்சலில் யாரும் எதையும் இறக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. 1544இல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரையில் வந்து ஞானஸ்நானம் கொடுத்ததிலிருந்து அவர்கள் கத்தோலிக்கர்கள். வந்திறங்கிய டச்சுக் கம்பெனியோ புராட்டஸ்டண்ட் கம்பெனி. கத்தோலிக்கக் கோயில்களை அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பது தூத்துக்குடி, இலங்கை வழியாக இந்தக் கரைக்குத் தெரிந்திருக்கும். குளச்சல் கரை ராஜா பக்கம் நின்றதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

குளச்சலில் இப்போ கடற்கரைப் பக்கம் ஒரு வெற்றித் தூண் நிக்குது. அதில் மீனவன் இல்லை. வருத்தமா இருக்கு என்று மட்டும் சொல்லிக்கிறேன்.

இனி இந்தக் கதையின் விசித்திரமான ஆள். யூஸ்டாசியஸ் பெனடிக்டஸ் டி லனாய். 1715ஐ ஒட்டி வடக்குப் பிரான்ஸில் ஆராஸ் நகரத்தில் பிறந்தவர். டச்சுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, குளச்சலுக்கு வந்து, கைதியானவர். டச்சுப் படைக்கே தளபதி என்று நிறையப் புத்தகம் எழுதுது. டச்சு ஆவணங்களைப் படித்த ஆய்வாளர்கள் அவர் அவ்வளவு பெரிய பதவியில் இல்லை என்கிறார்கள். எனக்கு இரண்டாவது கதைதான் பிடிச்சிருக்கு. பெரிய தளபதி வேலை மாறுவது ஒரு கதை. சின்ன வேலையில் இருந்த இருபத்தாறு வயசுப் பையன், பிடிபட்ட ஊரிலேயே அந்த ஊர்ப் படைக்குத் தலைவனாவது வேறே கதை.

பத்மநாபபுரம் அரண்மனையில் அவர் மார்த்தாண்ட வர்மா முன்னால் சரணடைகிற ஓவியம் இருக்கு. நிறையப் பேர் அதுக்கு முன்னாடி செல்ஃபி எடுத்துட்டுப் போயிடுவாங்க. ராஜா அவருக்கும் கூட இருந்த சில கைதிகளுக்கும் ஒரு ஆஃபர் கொடுத்தார். எங்க ஆட்களுக்குப் பயிற்சி கொடு, உயிரும் சம்பளமும் உண்டு. அவர் ஒத்துக்கொண்டார். முதலில் அரண்மனைக் காவல் ஆட்களுக்குப் பயிற்சி. அதைப் பார்த்து ராஜாவுக்குத் திருப்தி ஆக, மொத்தப் படையையும் ஐரோப்பிய முறையில் மாற்றச் சொன்னார். படைப்பிரிவு, அதற்கு அதிகாரி, ஒரே நேரத்தில் சுடுகிற பயிற்சி, பீரங்கிப் பிரிவு. படிப்படியாக உயர்ந்து "வலிய கப்பித்தான்" ஆனார். வலிய என்றால் பெரிய. கப்பித்தான் என்றால் கேப்டன். மலையாளமும் போர்த்துகீசியமும் சேர்ந்த பட்டம்.

அவர் உட்கார்ந்த இடம் உதயகிரி. தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகிற ரோட்டில் புலியூர்க்குறிச்சியில் இருக்கு. சுமார் 90 ஏக்கர், நடுவில் ஒரு குன்று. முன்னே மண் கோட்டையாக இருந்ததைக் குளச்சல் சண்டைக்குப் பிறகு கருங்கல்லால் கட்டினார்கள். உள்ளே பீரங்கி வார்க்கிற உலை இருந்தது. ஊர்க்காரங்க இன்னும் "டிலனாய் கோட்டை" என்றுதான் சொல்றாங்க. அவர் ஏன் தலைநகரத்துக் கோட்டைக்குள் இல்லாமல் வெளியே இங்கே இருந்தார்? கிறிஸ்தவர் என்பதால் அரண்மனைக்குள் புழங்க முடியாது என்று சொல்வார்கள். நாட்டுப் படையே அவர் கையில், ஆனால் ராஜா வீட்டுப் படி ஏற முடியாது.

அந்தப் படி எவ்வளவு உயரம் என்பதற்கு இன்னொருத்தர் வாழ்க்கை சாட்சி. நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, அரசாங்க வேலையில் இருந்தவர், உதயகிரிக் கோட்டை வேலையில் டி லனாயோடு பழகினார். அந்தப் பழக்கத்தில் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். அப்புறம் கைது, சித்திரவதை, கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. டி லனாயை அதே ராஜா கடைசி வரை மதித்து வைத்திருந்தார். ஒரே நம்பிக்கை, ஒரே கோட்டை, ஒரே ராஜா. வெளியூர்க்காரன் வேறே சாமி கும்பிடலாம், அவனிடம் வேலை இருக்கு. உள்ளூர் அதிகாரி மாறினால் அது ராஜத்துரோகம். தேவசகாயம் சுடப்பட்ட பிறகும் டி லனாய் அந்த உதயகிரிக்குள் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தார். அந்த இருபத்தைந்து வருஷம் அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

படை என்ன செய்தது? வடக்கே போனது. காயங்குளம், அம்பலப்புழை, சங்கனாச்சேரி, கோட்டயம் என்று 1740களிலும் 1750ஐ ஒட்டியும் ஒவ்வொன்றா விழுந்தன. 1750இல் ராஜா நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்து, தான் பத்மநாபதாசன் என்று சொல்லிக்கொண்டார். 1753இல் மாவேலிக்கரை ஒப்பந்தம். இனி உள் விவகாரத்தில் தலையிட மாட்டோம் என்று டச்சுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆயுதமும் தர ஒத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் எதிரி சப்ளையர் ஆகிட்டான்.

இதற்கெல்லாம் காசு? மிளகு வியாபாரத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. விளைவிக்கிறவன் அரசாங்கத்துக்குத்தான் விற்கணும், விலையை அரசாங்கம் சொல்லும். டச்சுக்காரன் செய்ய நினைத்ததை ராஜா செய்தார். அப்புறம் ஊழியம். கூலி இல்லாமல் அரசாங்கத்துக்கு வேலை செய்யணும் என்கிற வழக்கம். கல் சுமக்கிறது, ஓலை வெட்டுறது, சாமான் தூக்குறது. அந்தச் சுமை முழுக்க ஒடுக்கப்பட்ட சாதிகள் தலையில் விழுந்தது. உதயகிரிச் சுவரைப் பார்த்து "அந்தக் காலத்துத் தொழில்நுட்பம்" என்று வாய் பிளக்கும்போது, அந்தக் கல்லை யார் எந்தச் சம்பளத்துக்கு ஏற்றினார்கள் என்பதையும் கேட்டுடலாம்.

இப்போ மேப்பைப் பாருங்க. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஆறு கிலோமீட்டரில் வட்டக்கோட்டை. அலை வந்து சுவரை அடிக்கும். அங்கிருந்து ஆரல்வாய்மொழிப் பக்கம் மலை வரைக்கும் ஒரு தடுப்பு அரண் போனது. மேற்குத் தொடர்ச்சி மலை கடலை நெருங்கி முடிகிற இடம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து படை வரணும்னா அந்த இடைவெளியில்தான் வரணும். கடலுக்கும் மலைக்கும் நடுவில் கதவு போட்ட மாதிரி. வடக்கே இதே யோசனையைப் பெரிசா செய்தார்கள்: நெடுங்கோட்டை. கொச்சிக்கு வடக்கே கடலோரத்திலிருந்து ஆனமலை அடிவாரம் வரை, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மண் அரணும் அகழியும். அதாவது இந்தப் படைக்குக் கரைக்காவல் என்றால் கரை முழுக்க ஆளை நிறுத்துவது கிடையாது. அலை பார்த்துக்கொள்கிற இடத்தை அலைக்கு விட்டாச்சு. மலை பார்த்துக்கொள்கிற இடத்தை மலைக்கு விட்டாச்சு. இரண்டும் இல்லாத இடைவெளியில் மட்டும் சுவர், பீரங்கி, ஆள். சிசிலியில் இத்தாலிக்காரர்கள் செய்தது நேர் எதிர். இருந்த கொஞ்சம் பேரை நூறு கிலோமீட்டருக்கு வெண்ணெய் மாதிரித் தடவினார்கள்.

டி லனாய் 1777 ஜூன் 1 அன்று உதயகிரியில் இறந்தார். ஊர் திரும்பவே இல்லை. கோட்டைக்குள் ஒரு சின்னக் கோயில், இப்போ கூரை இல்லை. அங்கேதான் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு இருக்கு. ஏறக்குறைய 37 வருஷம் ராஜாவுக்கு விசுவாசமாக உழைத்தார், காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள ராஜ்யங்களை ஆயுத பலத்தால் அடக்கினார் என்கிற பொருளில் எழுதியிருக்கு. பக்கத்திலேயே மனைவிக்கும், இளம் வயதில் போரில் இறந்த மகனுக்கும் கல்லறை. திருவிதாங்கூருக்காகச் சண்டை போட்டுச் செத்த அந்தப் பையன் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த மண்ணில்தான். அவனை எந்த நாட்டுக்காரன் என்று சொல்லுவீங்க?

அவர் செத்து பன்னிரண்டு வருஷம் கழித்து நெடுங்கோட்டைக்குச் சோதனை வந்தது. 1789 டிசம்பர் 29 அன்று திப்பு சுல்தான் தாக்கினார். முதல் தாக்குதலைத் தடுத்துட்டாங்க. அப்போ திருவிதாங்கூரில் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் விளவங்கோடு பக்கம் குன்னத்தூர்க்காரர், நம்ம மாவட்டம். 1790 ஏப்ரலில் திப்பு பெரிய பீரங்கிகளோடு திரும்ப வந்து சுவரை உடைத்தார். உள்ளே ஆலுவா வரை வந்தார். அங்கே மழை பிடிச்சது, பெரியாறு பெருகியது, மேலே போக முடியவில்லை. அதற்குள் ஆங்கிலேயர் வேறு பக்கம் போரைத் திறக்க, திப்பு திரும்பிப் போனார். 1741இல் ஆடிக்கடல், 1790இல் ஆத்துவெள்ளம். இந்தப் படையின் மிகப்பெரிய ஜெனரல் பருவமழைதான் என்று எனக்குத் தோணும்.

இப்போ மூணாவது சண்டை. அது பிப்ரவரி மாசம்.

1795 ஒப்பந்தத்தில் ஆங்கிலக் கம்பெனி "நாங்க பாதுகாப்பு தர்றோம், நீங்க பணம் தாங்க" என்று உள்ளே வந்தது. பாதுகாப்புச் செலவு ஏறிக்கொண்டே போக, 1804இல் நாயர்ப் படைக்குக் கொடுத்த அலவன்ஸைக் குறைக்கப் பார்த்தார்கள். படை கலகம் செய்தது. அந்த யோசனைக்குப் பின்னால் நின்றவர் தளவாய் வேலுத்தம்பி, கல்குளத்துக்குப் பக்கத்தில் தலக்குளத்துக்காரர். ஐந்து வருஷம் கழித்து அதே வேலுத்தம்பி ஆங்கிலேயருக்கு எதிராக 1809 ஜனவரி 11இல் குண்டறையில் அறைகூவல் விடுத்தார். வரலாறு யாரையும் ஒரே டீமில் விளையாட விடுவதில்லை போல.

கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி வந்தது. கடல் வழி கிடையாது, மழை கிடையாது. 1809 பிப்ரவரி 10. மேஜர் வெல்ஷ் என்பவர் ஒரு பிரிவைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் அரணுக்குத் தெற்கே செங்குத்தான மலையில் ஏறினார். அந்தப் பக்கம் யாரும் ஏற மாட்டாங்க என்று நம்பிய இடம் அது. விடியும்போது அரணுக்குள்ளே ஆங்கிலேயன் மேலேயிருந்து சுடுறான். அரண் விழுந்தது. கொஞ்ச நாளில் உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையே இல்லாமல் கைமாறின. 68 வருஷம் முன்னே டச்சுக்காரன் வர முடியாத தலைநகர்க் கோட்டைக்குள் கம்பெனிக்காரன் நடந்து வந்தான். அதற்குள் தலைநகரமும் திருவனந்தபுரத்துக்குப் போயிருந்தது. வேலுத்தம்பி மண்ணடியில் இறந்தார். படையைக் கலைத்து, அரண்மனைக்கும் கோயிலுக்கும் காவல் நிற்கச் சில நூறு பேரை மட்டும் விட்டார்கள்.

அதற்குப் பிறகான நூறு வருஷத்தை வேகமா ஓட்டிடுறேன், ஏன்னா பெரிசா ஒண்ணுமில்லை. 1830இல் நாயர் பிரிகேடு என்று பெயர். ஆங்கில அதிகாரிகள். வேலை பெரும்பாலும் ஊர்வலத்தில் நடப்பது, கஜானா காவல். 1930களில்தான் மற்ற சமூகத்தினருக்கும் படையில் கதவு திறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானப் படை இந்திய ராணுவத்தில் சேர்ந்தது. இப்போ அது மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9ஆவது பட்டாலியன். தன் பிறப்பை 1704இல், பத்மநாபபுரத்தில் ராஜாவின் மெய்க்காவல் படையிலிருந்து கணக்கு வைக்கிறது. ஜூலை 31ஐக் குளச்சல் தினமாக நினைவுகூர்கிறது.

அந்த நினைவு இன்னைக்கு எங்கெங்கே கிடக்கு? அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. உதயகிரிக்குள்ளே தமிழ்நாடு வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா, மான் பார்க்க வர்றவங்கதான் அதிகம். ரெஜிமெண்டின் மையம் நீலகிரி வெலிங்டனில். 1956 நவம்பர் 1 அன்று நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சேர வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த எல்லைக்கோடு இந்தக் கதையின் குறுக்கே போயிடுச்சு. கேரளத்தில் இது ராஜா கதை. தமிழ்நாட்டில் இது ஓரத்துக் கதை. பள்ளிக்கூடத்தில் பானிப்பட்டுச் சண்டை மூணையும் தேதியோட ஒப்பிச்ச எனக்கு, பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருந்த சண்டையைப் பற்றி ஒரு பக்கம் கூடப் பாடமா வந்ததில்லை.

குளச்சல் கரைக்கு இப்போ எதிரி யாருன்னு கேட்டா, அந்த மக்கள் கடலைத்தான் காட்டுவாங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் இழந்த உயிர்கள் கொஞ்சநஞ்சமில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களைத் தேடச் சொல்லிக் குடும்பங்கள் ரோட்டில் உட்கார்ந்தாங்க. தேடப் போன ஆட்களுக்கு வழி காட்ட உள்ளூர் மீனவர்களையே கூட்டிட்டுப் போகணும் என்று கேட்டாங்க. அடுத்த வருஷமே கேரள வெள்ளத்தில் வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டது மீனவர்கள்தான். கேரள முதல்வர் அவர்களை மாநிலத்தின் சொந்தப் படை என்று சொன்னார். துடுப்பைத் தோளில் சாய்த்து நின்ற அந்தக் கதை நிஜமோ இல்லையோ, 2018இல் எல்லா டிவியிலும் லைவ் ஓடிச்சு.

இப்போ அந்தக் கரை ஊர்களில் போய்க் கேட்டால், கோட்டை வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. தூண்டில் வளைவு வேண்டும் என்கிறார்கள். கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டுகிற அந்த வளைந்த சுவர். ஒரு ஊரில் போட்டால் பக்கத்து ஊரில் மணல் அரிக்குது, அடுத்து அவங்களும் கேட்கிறாங்க. நெடுங்கோட்டை மாதிரி, எங்கே சுவர் எங்கே இடைவெளி என்கிற கணக்கு இன்னும் முடியலை. அந்தக் கணக்குக்கே தனி எபிசோடு வேண்டும். கடலரிப்பைப் பற்றி ஆய்வு செய்கிற ஒருத்தரிடம் பேசிட்டிருக்கேன், அடுத்த மாசம் வரும்.

போய்ப் பார்க்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. தக்கலையில் இறங்கினால் அரண்மனையும் உதயகிரியும் ஒரே நாளில் முடியும். உதயகிரியில் மான்களைத் தாண்டி உள்ளே நடங்க, கூரையில்லாத கோயில் கண்ணில் படும். தமிழ்க் கல்வெட்டை நின்று படிங்க. வட்டக்கோட்டைக்குச் சாயங்காலம் போங்க. திங்கட்கிழமை மட்டும் கிளம்பிடாதீங்க, அரண்மனைக்கு லீவு.